அட்டைக்குள் அடங்காத சதுரம்

வடிவியல் அரூப ஓவியங்களைப் போல அஞ்சலட்டைக்குப் பொருத்தமான சரக்கு வேறில்லை என்ற எண்ணம் அச்சுக்கூடத்திலும் கலை வகுப்பிலும் கேள்விமுறையின்றி நிலவுகிறது. நேர்கோடு, சதுரம், முக்கோணம், வட்டம், தட்டையாகப் பூசிய நிறம் என்று இவ்வளவுதான் அந்த ஓவியங்களில் இருக்கிறது. முகத்தின் பாவமோ துணியின் மடிப்போ மாலை வெயிலோ அவற்றில் கிடையாது. ஆகவே எவ்வளவு சுருக்கினாலும் எதுவும் கெடாது என்பது வாதம். அருங்காட்சியகக் கடைகளின் அட்டை அடுக்குகளில் மோன்ட்ரியானும் காண்டின்ஸ்கியும் நிரந்தர இடம் பிடித்திருப்பதும், நம் நாட்டில் எஸ்.எச். ரசாவின் பிந்து ஓவியங்கள் அச்சில் தாராளமாகப் புழங்குவதும் இதற்குச் சான்றாகக் காட்டப்படும். நான் இதற்கு நேர்மாறாகவே நினைக்கிறேன். உருவ ஓவியத்தைவிட வடிவியல் அரூபமே அஞ்சலட்டையில் அதிகம் இழக்கிறது. இழந்த பிறகும் அட்டை பார்க்க அழகாகவே இருப்பதால் இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. இதனால் அட்டையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதை எப்படி அச்சிடுவது, குறிப்பாக அதன் பின்பக்கத்தில் எதை அச்சிடுவது என்பதுதான் இங்கே ஆராய வேண்டிய விஷயம்.

இந்தக் கேள்வி நியூயார்க்கில் இருப்பவருக்கு அவ்வளவு முக்கியமில்லை. அட்டையைப் பார்த்துவிட்டு ரயில் ஏறி அசலையும் பார்த்துவிடலாம். நாகமலை புதுக்கோட்டையில் இருப்பவருக்கு முக்கியம். மதுரையிலிருந்து தேனி சாலையில் மேற்கே, நாகமலையின் அடிவாரத்தில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றிக் கல்வி நிறுவனங்களுக்குக் குறைவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. பார்க்கத் தகுந்த பழங்கலையும் உண்டு. கீழக்குயில்குடிச் சமணர் மலையின் தீர்த்தங்கரர் சிற்பங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் அரூப ஓவியம் ஒன்றை அசலாகப் பார்க்க வேண்டுமென்றால் நெடும்பயணம்தான். கே.சி.எஸ். பணிக்கருக்குத் திருவனந்தபுரத்து அருங்காட்சியக வளாகத்தில் தனிக் காட்சிக்கூடம் இருக்கிறது. அவர் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. மோன்ட்ரியானுக்கு தி ஹேக் நகரத்துக்கோ நியூயார்க்குக்கோ போக வேண்டும். ஆக, இங்கே அரூபக் கலையைப் பற்றிப் படிக்கிற, பேசுகிற, எழுதுகிற பெரும்பாலோருக்கு அசல் என்பதே அச்சுப்படிதான். அச்சுப்படி எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று தெரியாமல் உருவாகும் ரசனை, பார்க்காத ஓவியத்தைப் பார்த்ததாக நம்பிக்கொண்டிருக்கும்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். வடிவியல் ஓவியர்கள் அஞ்சலட்டைக்கென்றே வரைந்த அட்டைகளும் உண்டு. பெரிய ஓவியத்தைச் சுருக்கி அச்சிட்ட அட்டைகளும் உண்டு. இரண்டையும் ஒரே அடுக்கில் வைத்துப் பேசுவதால்தான் குழப்பமே. 1923 கோடையில் ஜெர்மனியின் வைமார் நகரில் பவுஹவுஸ் கலைப்பள்ளி தன் முதல் பெருங்கண்காட்சியை நடத்தியபோது, அதற்கு விளம்பரமாக 20 அஞ்சலட்டைகளை வெளியிட்டது. காண்டின்ஸ்கி, பால் கிளே, ஃபைனிங்கர், மொஹோலி நாகி, ஷ்லெம்மர் முதலிய ஆசிரியர்களும் ஹெர்பர்ட் பேயர் போன்ற மாணவர்களும் வரைந்தவை அவை. கல்லச்சில் அச்சான அந்த அட்டைகளில் எதுவும் சுவரில் தொங்கிய ஓவியத்தின் நகல் இல்லை. உள்ளங்கை அளவுக்குள் கோடு எவ்வளவு தடிமனாக இருந்தால் நிற்கும், எத்தனை நிறம் தாங்கும் என்று யோசித்து, அந்த அளவுக்காகவே வரைந்தவை. அவற்றில் இழப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, அட்டைதான் அசல். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1922 டிசம்பரில், இதே பவுஹவுஸ் ஓவியர்கள் சிலரின் படைப்புகள் கல்கத்தாவில் இந்தியக் கீழைக்கலைச் சங்கத்தின் கண்காட்சிக்கு வந்திருந்தன. நீர்வண்ணம், கோட்டோவியம், மரச்செதுக்கு அச்சு என்று தாளில் அமைந்த சிறிய படைப்புகள். கடல் கடந்து போக வேண்டிய கலை தன் அளவையும் பொருளையும் அதற்கேற்றபடி அமைத்துக்கொண்டால் கெடாமல் போய்ச்சேரும் என்பதற்கு அந்தக் கண்காட்சி நல்ல உதாரணம்.

நம் பக்கத்தில் இதற்கு இணை தேடினால் கலைக்கூடத்தில் கிடைக்காது, தீப்பெட்டியில் கிடைக்கும். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குத்தான் போனார்கள். காண்டின்ஸ்கியின் நீர்வண்ணங்களுக்கும் அவர்களுடைய பயணத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. காலம் அடுத்தடுத்து அமைந்தது ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தொழில் தீப்பெட்டி லேபிளை வேண்டியது, லேபிள் அச்சகத்தை வேண்டியது, அச்சகங்கள் சிவகாசியை நாட்காட்டிக்கும் நாட்குறிப்புக்கும் வாழ்த்து அட்டைக்கும் பேர்போன ஊராக்கின. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்து லேபிள்களை எடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று தனி நிறங்கள், தடித்த கோடு, நடுவில் ஒரு சின்னம், சுற்றிலும் கதிர் அல்லது கட்டம். கலைப்பள்ளி வாசனையே படாத வரைவாளர்கள், விரல் நீளத்துக்குள் எது நிற்கும் என்பதைத் துல்லியமாக அறிந்திருந்தார்கள். சிறிய அச்சில் வடிவியல் நிற்காது என்பதல்ல என் கட்சி. பெரிய அளவுக்கென்று பிறந்த வடிவியலைச் சிறிய அளவில் அடைத்தால் நிற்காது என்கிறேன்.

ஏன் நிற்காது என்பதற்கு உருவ ஓவியத்தோடு ஒப்பிடுவது உதவும். ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் அவருடைய தெய்வப் படங்களை நாடெங்கும் பரப்பியது. கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு, சிவகாசி அச்சகங்களுக்காக வரைந்த முருகனும் மீனாட்சியும் தென்னாட்டு வீடுகளில் இல்லாத சுவரில்லை. அந்தப் படங்கள் நாட்காட்டியாகவும் ஊதுபத்தி உறையாகவும் சட்டைப்பைக்குள் அடங்கும் சிறுபடமாகவும் ஆகியிருக்கின்றன. சிவப்பு பழுப்பாகியிருக்கிறது, நீலம் வெளுத்திருக்கிறது, ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. ஆனாலும் சரஸ்வதி சரஸ்வதிதான், முருகன் முருகன்தான். பார்ப்பவரின் நினைவில் ஏற்கெனவே இருக்கும் உருவம் அச்சின் குறையை நிரப்பிவிடுகிறது. வடிவியல் அரூபத்தில் அப்படி நிரப்ப நினைவில் ஒன்றுமில்லை. ஒரு சிவப்புச் சதுரம் எந்தச் சிவப்பு, எவ்வளவு பெரிது, பக்கத்து நிறத்தோடு அதன் விளிம்பு எப்படிச் சேர்கிறது என்பவையே அந்த ஓவியத்தின் முழு உள்ளடக்கம். அவற்றை மாற்றினால் வேறொரு ஓவியம் ஆகிவிடும். சொல்லப்போனால், உருவம் இல்லாததால் இழக்க ஒன்றுமில்லை என்பதைவிட, உருவம் இல்லாததால் சாய்ந்துகொள்ளச் சுவரில்லை என்பதே பொருத்தம்.

அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆக்னஸ் மார்ட்டின் தன் புகழ்பெற்ற ஓவியங்களை ஆறடிக்கு ஆறடி, அதாவது ஏறத்தாழ 183 செ.மீ. பக்கமுள்ள சதுரங்களில் வரைந்தார். வெளிர்ந்த பூச்சின் மேல் பென்சிலால் இழுத்த கட்டங்கள் அவை. நம் அஞ்சல்துறை அட்டையின் அளவு 14 செ.மீ.க்கு 9 செ.மீ. சதுரத்தை வெட்டாமல் வைத்தால் 9 செ.மீ. பக்கம் கிடைக்கும். நீளத்தில் 20 மடங்கும் பரப்பில் 400 மடங்கும் குறைகிறது. அசலில் 1 மி.மீ. தடிமனுள்ள பென்சில் கோடு அட்டையில் 0.05 மி.மீ. ஆகும். நல்ல ஆஃப்செட் அச்சில், ஓர் அங்குலத்துக்கு 175 வரி ஸ்கிரீனில், புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையிலான தூரமே 0.145 மி.மீ. கோடு புள்ளியைவிட மெலிதாகிவிட்டது என்றால் அது அச்சில் வர முடியாது. சாம்பல் மூட்டமாகத் தேங்கும். கோடுகள் வரிசையாக இருந்தால் ஸ்கிரீன் புள்ளிகளோடு மோதி, அசலில் இல்லாத அலைநெளிவுகள் தோன்றவும் செய்யும். பரோடாவில் 1972 முதல் 1990இல் மறையும்வரை கற்பித்த நஸ்ரீன் முகமதியின் கோட்டோவியங்கள் இவ்வளவு பெரியவை அல்ல. ஆனால் அவர் கோடு மார்ட்டினுடையதைவிடக் கூர்மையானது. வரைகருவிகளால் மையும் பென்சிலும் மாறிமாறி இழுத்த கோடு, அழுத்தம் குறையும்போது மறைந்து பிறகு மீண்டும் எழும். அந்த மறைவும் எழுச்சியும்தான் அவருடைய கலை. புள்ளிகளாகச் சிதறிய அச்சில் எல்லாக் கோடும் ஒரே தரத்தில் நிற்கிறது.

நிறத்தின் கதை இன்னும் மோசம். நாலு கலர் ஆஃப்செட்டில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் புள்ளிகளைச் சேர்த்துத்தான் எல்லா நிறமும் உண்டாக வேண்டும். தீவிரமான ஆரஞ்சும் அடர் ஊதாநீலமும் அந்த நான்கின் எல்லைக்கு வெளியே இருப்பவை. எவ்வளவு திறமையான மெஷின்மேனாலும் அவற்றை எட்ட முடியாது. ஒரு நிலக்காட்சியில் வானம் கொஞ்சம் மங்கினால் அதிகாலை என்று எடுத்துக்கொள்வோம். ஜோசப் ஆல்பர்ஸின் ஓவியத்தில் அப்படி எடுத்துக்கொள்ள வழியில்லை. 1950 முதல் 1976இல் இறக்கும்வரை அவர் சதுரத்துக்குள் சதுரம் வைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளைச் செய்தார். பெரும்பாலும் குழாயிலிருந்து பிதுக்கிய வண்ணத்தைக் கலக்காமல் கத்தியால் நேராகப் பூசினார். ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் எப்படி மாறித் தெரிகிறது என்பதே அவருடைய ஒரே ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சியை 1963இல் நூலாக வெளியிட்டபோது, நிறம் பிசகக் கூடாது என்பதற்காகத் தகடுகளில் பெரும்பகுதி பட்டுத்திரை அச்சில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனி மையிட்டுத் தயாரானது. விலை மிக அதிகம். 1971இன் மலிவுப் பதிப்பில் சில தகடுகளே இடம்பெற்றன. நிறத்தைப் பற்றி அவ்வளவு கறாராக இருந்தவரின் சதுரங்கள் புள்ளிக் கலவையில் அட்டையாகும்போது ஆராய்ச்சியின் முடிவே மாறிவிடுகிறது. ரசாவுக்கும் இது பொருந்தும். 1982இல் இந்திய அஞ்சல் துறை அவருடைய பிந்து ஓவியத்தைத் தபால்தலையாகவே வெளியிட்டது. நாட்டின் நவீன ஓவியத்துக்குக் கிடைத்த மரியாதை என்று அதைப் பாராட்டலாம். ஆனால் அசலில் கறுப்புக்குள் கறுப்பாக அடுக்கி அவர் கட்டும் ஆழம் கட்டைவிரல் நகத்தளவில் ஒரு கரிய வட்டமாக மட்டுமே மிஞ்சும்.

விளிம்பு மூன்றாவது. மோன்ட்ரியானின் வெள்ளை ஒரே வெள்ளை என்று அட்டையில்தான் தோன்றும். அசலில் ஒவ்வொரு வெள்ளைக் கட்டமும் தூரிகை ஓடிய திசையால், பூச்சின் தடிமனால் வேறுபடும். சில ஓவியங்களில் கறுப்புக் கோடு துணியின் ஓரத்தைத் தொடாமல் சற்று முன்பே நின்றுவிடும். அச்சுக்கு ஓரம் விட்டு வெட்டுகிற வழக்கத்தில் அந்தச் சின்ன இடைவெளி முதலில் போய்விடுகிறது. மாலேவிச் 1915இல் வரைந்த கருப்புச் சதுரம் 79.5 செ.மீ. பக்கமுள்ளது; இன்று அதன் மேல் முழுக்க வெடிப்பு. வெடிப்புகளின் ஊடே அடியிலுள்ள நிறம் எட்டிப் பார்க்கிறது. 2015இல் மாஸ்கோவின் திரெத்யாகோவ் காட்சியகம் நடத்திய ஆய்வில் அடியில் வேறு வண்ண ஓவியங்கள் இருப்பது உறுதியானது. அட்டைக்காரர்கள் சிலர் இந்த வெடிப்பை அழுக்கு என்று எண்ணியோ என்னவோ, கணினியில் வழித்துச் சுத்தமாக்கி ஒரு கரிய கட்டத்தை அச்சிட்டு விடுகிறார்கள். அதற்கு மாலேவிச் தேவையில்லை. கணக்கு வாத்தியார் போதும்.

இங்கே ஒரு நல்ல மறுப்பு எழும். 122 செ.மீ. பக்கமுள்ள ஆல்பர்ஸ் சதுரத்தை நான்கு மீட்டர் தள்ளி நின்று பார்த்தாலும், 9 செ.மீ. அட்டையை 30 செ.மீ. தூரத்தில் பிடித்துப் பார்த்தாலும், கண்ணில் விழும் கோணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியானால் அளவு குறைந்தது என்று எப்படிச் சொல்வது? கணக்கு சரிதான், நிலைத்த ஒற்றைக்கண் பார்வைக்கு அது பொருந்தும். ஆனால் அரூப ஓவியத்தை யாரும் அசையாமல் பார்ப்பதில்லை. நெருங்கினால் மார்ட்டினின் மூட்டம் கோடுகளாகப் பிரிகிறது, இன்னும் நெருங்கினால் துணியின் இழைமேல் பென்சில் தடுக்கி விழுந்த இடம் தெரிகிறது. விலகினால் எல்லாம் மீண்டும் மூட்டமாகிறது. ஓவியர் இந்த நடையைக் கணக்கில் வைத்தே வரைந்திருக்கிறார். அட்டையை நெருங்கினால் கிடைப்பது நான்கு நிறப் புள்ளிகள். கோணம் சமம் என்றாலும் அதற்குள் நடந்து போக வழியில்லை.

இன்னொரு மறுப்பு நம் மண்ணிலிருந்தே வரும். அதைத்தான் நான் கனமானதாக நினைக்கிறேன். யந்திரமும் கோலமும் வடிவியல்தானே, அவற்றை எந்த அளவில் வரைந்தாலும் செல்லும்தானே என்பது அது. செப்புத் தகட்டில் உள்ளங்கை அளவிலும் ஸ்ரீசக்கரம் உண்டு, தரையில் ஆளுயரத்திலும் உண்டு. ஒன்பது முக்கோணங்கள் வெட்டி 43 சிறு முக்கோணங்கள் உண்டாகும் அமைப்பு மாறாதவரை இரண்டும் ஸ்ரீசக்கரமே. 1960களின் பிற்பகுதியில் அஜித் முகர்ஜியின் தாந்திரீகக் கலை நூல் வந்தபின் பிரேன் தே, ஜி.ஆர். சந்தோஷ், நம் சோழமண்டலத்தின் கே.வி. ஹரிதாசன் போன்றோரின் படைப்புகளை நவதாந்திரீகம் என்று ஒரு பெயருக்குள் அடக்கும் பழக்கம் வந்தது. யந்திரத்தின் வாரிசுகள் என்றால் அவர்களுடைய ஓவியமும் அளவுக்குக் கட்டுப்படாதது என்று தோன்றும். ஆனால் யந்திரத்துக்கு அதன் தகுதி வரைபடத்தால் மட்டும் வருவதில்லை. பிரதிஷ்டையால், பூசையால் வருகிறது. பார்ப்பதற்கென்று அது இல்லை, வழிபடுவதற்கென்று இருக்கிறது. ஹரிதாசனின் முக்கோணம் வழிபாட்டை விட்டு வெளியே வந்து, சுவரில் தொங்கி, பார்வையை மட்டுமே நம்பி நிற்கிறது. அந்த நிமிடத்திலிருந்து வண்ணமும் அளவும் பரப்பும் அதற்கு உயிர்நாடி ஆகிவிடுகின்றன. யந்திரத்தின் சலுகையை ஓவியம் கேட்க முடியாது.

கோலத்தின் நிலை வேறு. கோலத்தை யாரும் நகலெடுத்து மாட்டுவதில்லை; மார்கழியில் பத்திரிகைகளோடு வரும் கோலப் புத்தகத்தைப் பார்த்து மீண்டும் போடுகிறார்கள். அச்சில் இருப்பது புள்ளிக் கணக்கு. கோலம் வாசலில் பிறக்கிறது. மதுரைச் சுங்குடியில் கட்டுப்புள்ளிகளுக்குக் கட்டம் குறிப்பதும் மீனாட்சியம்மன் கோயில் மண்டபக் கூரைகளில் வட்டத் தாமரைகளைத் திட்டமிடுவதும் இதே இனம்: அமைப்பு கைமாறும், ஒவ்வொரு முறையும் கை புதிதாகச் செய்யும். மேல்நாட்டு ஓவியர்களில் இதற்கு நெருங்கியவர் சால் லெவிட். 1968 முதல் அவர் சுவரோவியங்களுக்கு எழுத்தில் விதி கொடுத்தார், பிறர் வரைந்தார்கள். லெவிட்டின் விதியை அஞ்சலட்டையில் அச்சிட்டால் எதுவும் குறையாது; வரைந்த சுவரின் புகைப்படத்தை அச்சிட்டால் குறையும். கோலத்தைக் காட்டி அஞ்சலட்டைக்கு வக்காலத்து வாங்குபவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் இந்தப் பிரச்சினை இன்னொரு வடிவம் எடுக்கிறது. சென்னைக் கலை கைவினைக் கல்லூரியின் முதல்வராக இருந்தபோது, 1963இல் அவர் தொடங்கிய வரிசை அது. கட்டங்கள், கணிதக் குறிகள், ஜாதகக் கட்டம் போன்ற அமைப்புகள், அவற்றுக்கிடையே பொடிப்பொடியாக எழுத்துகள். எழுத்து மலையாளத்தைப் போல இருக்கும். படிக்கலாம் என்று நெருங்கினால் படிக்க முடியாது. பொருள் இருப்பதாக நம்பிக் கிட்டே போய், பொருள் இல்லை என்று கண்டு, பிறகு அதை வெறும் கோடாக, இழைநயமாகப் பார்க்கப் பழகுவதே அந்த ஓவியம் தரும் அனுபவம். அட்டையில் என்ன நடக்கும்? எழுத்து மணல்போலச் சுருங்கிவிடும். பார்ப்பவர் படிக்க முடியாததற்கு அச்சின் சிறுமையைக் காரணமாக எடுத்துக்கொள்வார். அசலில் ஏதோ எழுதியிருக்கிறது, அட்டையில் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த அட்டைக்குப் போய்விடுவார். இங்கே அட்டை ஒரு தகவலைக் குறைத்ததோடு நிற்கவில்லை, தவறான தகவல் ஒன்றையும் தருகிறது. இந்த வாதம் முழுவதற்கும் என்னிடமுள்ள வலுவான சான்று இதுதான்.

கைபேசி இருக்கும் காலத்தில் அட்டையைப் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு என்று கேட்கலாம். இந்தியாவில் 1879 ஜூலை 1ஆம் தேதி காலணா விலையில் அறிமுகமான அஞ்சலட்டை இன்று கடிதமாகப் போவது அபூர்வம். ஓவிய அட்டைகளில் பல தபால்பெட்டியைப் பார்ப்பதே இல்லை. புத்தகத்துக்குள் பக்க அடையாளமாகவும் மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் வாழ்கின்றன. திரையில் படத்தைப் பெரிதாக்கலாம், புள்ளியும் தெரியாது. உண்மைதான். ஆனால் திரைப்படிவத்துக்கு அளவென்றே ஒன்று கிடையாது; விரலை விரித்தால் பெருகும், சேர்த்தால் சுருங்கும். பின்னாலிருந்து ஒளி வருவதால் எல்லா நிறமும் விளக்குப் போட்டதுபோல ஒளிரும். அட்டையோ ஓவியத்தைப் போலவே அறையின் வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தரும் பொருள். அதற்கு ஓர் அளவு உண்டு, அது மாறாது. முக்கியமாக, அட்டைகளை மேசையில் பரப்பி இடம் மாற்றி மாற்றி வைக்கலாம். அபி வார்பர்க் 1920களில் தன் படத் தொகுப்பில் ஓவியப் புகைப்படங்களையும் தபால்தலைகளையும் பலகையில் குத்தி இடம் மாற்றித்தான் உருவங்களின் உறவைத் தேடினார். அசலின் தனித்த இருப்பு நகலில் அழிகிறது என்று வாதிட்ட வால்டர் பெஞ்சமினே தீவிரமான அஞ்சலட்டைச் சேகரிப்பாளர் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு மோன்ட்ரியான் அட்டையையும் ஒரு சுங்குடித் துணியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டத்தின் இறுக்கம் எங்கே வேறுபடுகிறது என்று பார்க்கும் மாணவருக்கு அட்டை உண்மையாகவே உதவுகிறது. அமைப்பை ஒப்பிட அட்டை போதும். ஓவியத்தை அறிய அது போதாது.

போதாது என்பதை அட்டையே சொல்ல வேண்டும். சொல்வதற்குப் பின்பக்கம் இருக்கிறது. இன்றைய அட்டைகளின் பின்பக்கத்தில் ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, காப்புரிமைக் குறி ஆகியவை இருக்கும். அளவு சிலவற்றில் இருக்கும், பலவற்றில் இருக்காது. அளவில்லாத வடிவியல் அட்டையைக் குறைபாடுள்ள அச்சு என்றே கருத வேண்டும் என்பேன். எண்ணில் சொல்வதோடு, ஒரு மனித உருவத்தின் பக்கத்தில் ஓவியத்தின் பருமனைச் சிறு கோட்டுப்படமாகக் காட்டினால் இன்னும் நல்லது. எந்தப் பக்கம் மேல் என்பதையும் பின்பக்கம்தான் சொல்கிறது. அரூபத்தில் இது சில்லறை விஷயமில்லை. மோன்ட்ரியான் 1941இல் வண்ண நாடாக்களை ஒட்டிச் செய்த ‘நியூயார்க் சிட்டி 1’ பல பத்தாண்டுகளாகத் தலைகீழாகத் தொங்கிவந்திருக்கிறது என்று 2022இல் ட்யூசல்டார்ஃப் அருங்காட்சியகத்தின் ஆய்வாளர் அறிவித்தார். 1944இல் எடுத்த ஒரு புகைப்படத்தில் அது மறுபுறமாக நின்றது சான்று. நாடாக்கள் உதிரும் என்ற அச்சத்தால் இன்னும் திருப்பவில்லை. ஆல்பர்ஸ் தன் சதுரங்களின் முதுகில், எந்தக் கம்பெனியின் எந்த வண்ணத்தை எந்த வரிசையில் பூசினார் என்று தானே எழுதிவைத்தார். அச்சிட்ட முன்பக்கத்தைவிட அந்தப் பட்டியல் நம்பகமானது. ஆல்பர்ஸ் அட்டையின் பின்பக்கத்தில் அதை அப்படியே அச்சிட்டால், நிறம் பிசகிய முன்பக்கத்துக்கு அதுவே திருத்தமாக அமையும்.

முன்பக்கத்திலும் செய்யக்கூடியது உண்டு. சதுர ஓவியத்தை அட்டை முழுவதும் பரப்புவதற்காக வெட்டுவதை நிறுத்தலாம். 14க்கு 9 அட்டையில் சதுரம் வைத்தால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான இடம் வெள்ளையாக நிற்கும். நிற்கட்டும். வடிவியல் ஓவியத்தில் நிறங்கள் குறைவு என்பதால் நாலு கலர் கலவையை விட்டுவிட்டு ஒவ்வொரு நிறத்துக்கும் தனி மை கலந்து அச்சிடுவது நடைமுறையில் இயலும். தீப்பெட்டி லேபிள் காலத்திலேயே சிவகாசிக்குத் தெரிந்த வித்தை அது. ஒரே ஓவியத்துக்கு இரண்டு அட்டை போடலாம்: ஒன்றில் முழு ஓவியம், மற்றொன்றில் அசலின் அஞ்சலட்டை அளவுப் பகுதி, சுருக்காமல் உள்ளபடி. துண்டாக வெட்டினால் அமைப்பு சிதையாதா என்று கேட்பார்கள். சிதையும். ஆனால் அமைப்பைச் சொல்ல முதல் அட்டை இருக்கிறது. கோட்டின் தடிமனையும் பணிக்கரின் படிக்க முடியாத எழுத்தையும் சொல்ல வேறு வழியில்லை. இரண்டு அட்டை என்றால் செலவு கூடும் என்ற வியாபார மறுப்பு நியாயமானது. செலவைவிடப் பெரிய தடை சட்டத்தில் இருக்கிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி ஓவியர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1935இல் இறந்த மாலேவிச்சும், 1940இல் இறந்த கிளேயும், 1944இல் இறந்த மோன்ட்ரியானும் காண்டின்ஸ்கியும் இங்கே பொதுச்சொத்தாகி வெகுநாளாயிற்று. 1977இல் மறைந்த பணிக்கரின் ஓவியங்களுக்கு 2037 முடியும்வரை உரிமை உண்டு, 2016இல் மறைந்த ரசாவுக்கு 2076 முடியும்வரை. ஆகவே மதுரைக் கடையில் மோன்ட்ரியான் மலிவாகவும் பணிக்கர் அரிதாகவும் இருப்பதற்கு ரசனையைக் குறைசொல்லிப் பயனில்லை. உரிமையுள்ளவர்களிடம் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதும் வேலையை ஒரு பல்கலைக்கழகப் பதிப்புத் துறையோ அகாடமியோ எடுத்துக்கொண்டால், சோழமண்டலத்து ஓவியம் ஒன்று இரட்டை அட்டையாக நாகமலை புதுக்கோட்டைக்கு வர 2038 வரை காத்திருக்கத் தேவையில்லை.